கேட்டைத் தாண்டுமா?

இந்தக் காலத்தில் செல்போனில் நாலு வீடியோ பார்த்தவனெல்லாம் மெக்கானிக் என்று முணுமுணுத்தார் பெரியவர். அவருடைய மகளும் மருமகனும் அப்படித்தான். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த அவருடைய பழைய காரைப் பிரித்து, மாதக்கணக்கில் மாரடித்து, மறுபடி பூட்டியிருந்தார்கள்.

"இன்னைக்கு இது கேட்டைத் தாண்டலேன்னா பழைய இரும்புக்குத்தான் போகும்" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மகள் சாவியைத் திருப்பினாள். என்ஜின் இருமிக்கொண்டே உயிர்பெற்றது. ஆனால் கியர் போட்டதும் கார் உறுமியதே தவிர, அங்குலம்கூட நகரவில்லை.

"கிளட்ச் போச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே!"

மகளின் முகம் வாடிவிட்டது. குனிந்து பார்த்த மருமகன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். "மாமா, டயருக்கு முன்னாடி இந்தப் பாறாங்கல்லை யார் வெச்சது?"

"நான்தான். உங்க ஹேண்ட் பிரேக்கை எவன் நம்புவான்?"

"அப்பா!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்லைப் புரட்டியதும் கார் துள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. தெருவைச் சுற்றி வந்து, கடைக்குப் போகப் பையோடு நின்றிருந்த அவர் காலடியில் கச்சிதமாக நின்றது.

"பிரேக் போட்டதும் நின்னுடுச்சு பாத்தீங்களா? ஏறுங்கப்பா, கடைக்குத்தானே?"

"இன்னைக்கு நின்னுச்சு, நாளைக்கு?" என்று சொல்லிவிட்டு, அவர் கடைக்கு நடந்தே போனார்.