விட்டுப்போன வரி

மகேருஸ் கோட்டைக்குக் கீழே இருக்கும் ஊரில் ஒரு விதவையின் வீட்டை அண்டி, குளிர்காலம் முழுக்கத் திர்சாள் தங்கியிருந்தாள். அவள் புருஷன் மல்கியா மேலே கோட்டையில் அடைபட்டுக் கிடந்தான். யோர்தான் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துவந்த யோவானுக்கு அவன் சீஷன். அந்தப் பகுதியை ஆண்ட ஏரோது தன் சகோதரன் மனைவியைச் சேர்த்துக்கொண்டதை யோவான் ஊரறியக் கண்டித்தார். அவரைப் பிடிக்கச் சேவகர்கள் வந்தபோது மல்கியா குறுக்கே போய் நின்றான். அவனையும் சேர்த்துக் கட்டி இழுத்துப்போனார்கள்.

யோவானைக் கோட்டையின் மறுபக்கம் வைத்திருந்தார்கள். மல்கியாவை அடைத்தது, பாறையில் வெட்டிய பழைய தண்ணீர்த் தொட்டியில். இடதுகாலைத் தொழுமரம் என்ற துளைக்கட்டையில் மாட்டிப் பூட்டியிருந்தார்கள். வெளியே தரையோடு தரையாக ஒரு துவாரம் உண்டு. திர்சாள் காலையில் வாற்கோதுமை அப்பமும் காய்ந்த அத்திப்பழமும் கொண்டுபோய், குப்புறப் படுத்து அதன் வழியே கொடுப்பாள். அப்படியே படுத்தபடிதான் பேச்சும்.

ஆரம்பத்தில் மல்கியா தெம்பாகவே இருந்தான்.

"நம்மளை மீட்க வரவேண்டியவர் வந்துட்டாரு, திர்சா. அந்த நாசரேத்துக்காரர்தான் மேசியான்னு குருவே கையைக் காட்டிச் சொன்னாரு. நீ பார்த்துக்கிட்டே இரு, முதல்ல இந்தக் கோட்டைதான் விழும்."

"விழும்போது கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கல்லு தலையில விழப்போகுது" என்பாள் அவள். அவனும் சிரிப்பான்.

மாதங்கள் போயின. கோட்டை அப்படியேதான் நின்றது. நாசரேத்துக்காரர் கலிலேயாவில் வரிவசூல்காரர்களோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார் என்று சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். படை திரட்டுகிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் யோவானே தம்முடைய ஆட்கள் இரண்டு பேரை அனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்டுவரச் சொன்னார். போனவர்களில் ஒருவன் மல்கியாவின் சிநேகிதன் இத்தாமார்.

திரும்பி வந்தவன் கோட்டையில் யோவானிடம் சேதியைச் சொல்லிவிட்டு நேரே திர்சாளிடம் வந்தான். அவள் அடுப்பிலிருந்து அப்பம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பிறவிக் குருடன், எம் முகத்தைப் பார்த்து, 'உன் தாடி செம்பட்டையா இருக்கே'ன்னான்!"

"தாடி கெடக்கட்டும். கேட்டதுக்கு என்ன சொன்னாரு?"

"பார்த்ததையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கன்னாரு. குருடர் பார்க்கிறாங்க, முடவர் நடக்கிறாங்க, செவிடர் கேக்கிறாங்க, ஏழைகளுக்கு நல்ல சேதி வந்திருக்குன்னு."

"அப்புறம்?"

"என்னைப் பார்த்து இடறிப்போகாதவன் பாக்கியவான்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான், மதினி."

திர்சாள் கையிலிருந்த அப்பத்தைக் கூடையில் வைத்தாள்.

"ஜெப ஆலயத்துல தீர்க்கதரிசியோட சுருளை வாசிக்கிறப்ப நானும் நின்னு கேட்டவதான். ஏழைக்கு நல்ல சேதின்னு வர்ற இடத்துல, கட்டுண்டு கிடக்கிறவனுக்கு விடுதலைன்னும் வருதா இல்லையா?"

"வருது."

"அதைச் சொன்னாரா?"

இத்தாமார் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லலை."

"நீ கேட்டிருக்கலாமே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"கேக்கத்தான் நினைச்சேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியலை." பிறகு மெல்லச் சொன்னான்: "அண்ணன்கிட்ட அந்த வரியையும் சேர்த்தே சொல்லிடுங்களேன். தெம்பா இருப்பாரு."

மலையேறும்போது திர்சாளுக்கு அதே யோசனையாக இருந்தது. சொல்லிவிட்டால் அவன் முகம் மலரும். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கதவு திறக்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். அதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னாள்.

"அப்ப நாம கணக்குலயே இல்ல" என்றான் மல்கியா. கொடுத்த அப்பத்தைத் துவாரத்தின் வழியே வெளியே தள்ளினான்.

அவள் அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள். "அவரு கதவைத் திறக்கலைன்னா அவரோட சண்டை போடுங்க. இது நான் திரிகையில அரைச்ச மாவு. எம் மேல என்ன கோவம்? சாப்பிடுங்க."

சாப்பிட்டான். ஆனால் அதன்பிறகு மேசியா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் யோவானின் தலையை வெட்டினார்கள். உடலை இத்தாமாரும் மற்றவர்களும் வாங்கிப்போய் அடக்கம் செய்தார்கள். அதற்கப்புறம் ஒருநாள் சேவகர்கள் மல்கியாவைத் தூக்கி வெளியே போட்டார்கள். குருவே போன பின்பு சீஷனைக் காவல் காப்பது அவர்களுக்கு வீண் வேலையாகத் தெரிந்தது. தொழுமரத்தில் கிடந்த இடதுகால் மடங்கவே இல்லை.

"மேசியா திறக்கலை. ஏரோது நம்மளை மறந்தான், கதவு திறந்துச்சு" என்றான் அவன்.

நாசரேத்துக்காரரிடம் போய்க் காலைக் காட்டலாம் என்று திர்சாள் மன்றாடினாள்.

"குருவைத்தான் கைவிட்டுட்டீங்க, என் காலையாவது பாருங்கன்னு போய் நிக்கச் சொல்றியா?"

"அதையே கேளுங்க. நேரா முகத்தைப் பார்த்துக் கேளுங்க. வீட்டுக்குள்ள உக்காந்து எங்கிட்ட கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?"

அந்தப் பேச்சு அவனுக்குத் தைத்தது. அவர் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போயிருப்பதாகத் தெரிந்தபோது இவர்களும் புறப்பட்டார்கள். அவன் கழுதை மேல், அவள் நடை. வழியெல்லாம் அவன் கேட்கப்போவதை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கால் வலித்ததால் அடிக்கடி தங்கவேண்டியதாயிற்று. எரிகோ தாண்டி ஏற்றத்தில் போகும்போது எதிரே இத்தாமார் தனியாக இறங்கி வந்தான். இவர்களைக் கண்டதும் வழியிலேயே உட்கார்ந்து அழுதான்.

"ரோமர்கள் அவரைச் சிலுவையில அறைஞ்சுட்டாங்க, அண்ணே. முந்தின ராத்திரியே பிடிச்சுக் கட்டிக் கொண்டுபோயிட்டாங்க. யாரும் வரலை. வானத்துலேர்ந்தும் யாரும் வரலை."

மல்கியா கழுதையிலிருந்து இறங்கினான். ஒற்றைக் காலை நீட்டி இத்தாமார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவரையுமா?" என்றான். மறுபடியும், "அவருக்குமா திறக்கலை?"

இத்தனை நாள் அவர் தங்களை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தான். அவரும் கட்டுண்டு போவார் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. குரு செத்தபோதும் அழாதவன் அங்கே அழுதான். திர்சாள் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பிடலாமா?" என்று கேட்டாள்.

"இல்ல. அவரைச் சேர்ந்தவங்க யாராவது இருப்பாங்க. போய்ப் பார்த்துட்டு வருவோம்."

இத்தாமாரும் கூடவே திரும்பினான். எருசலேமில் அவனுடைய உறவினர் வீட்டில் தங்கினார்கள். வந்த மறுநாள் அந்த வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். முந்தின நாள் விடியலில் அவருடைய கல்லறைக்குப் போன பெண்கள் அது வெறுமையாகக் கிடக்கக் கண்டார்களாம். அவர் உயிரோடு எழுந்துவிட்டார் என்று சொல்கிறார்களாம். இத்தாமார் துள்ளி எழுந்தான்.

மல்கியா கையை உதறினான். "பொம்பளைங்க பேச்சை நம்பி..."

"கோட்டைக்கு நான் கொண்டுவந்த சேதியை மட்டும் நம்பினீங்களே. நானும் பொம்பளைதான்" என்றாள் திர்சாள்.

பிற்பாடு, அவரை அங்கே காணலாம் என்று கலிலேயாவுக்குப் போகிறவர்கள் இவர்களையும் கூப்பிட்டார்கள். நம்புகிறேன் என்று மல்கியா சொல்லவில்லை. நம்பவில்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னும் அவர்கிட்ட கேக்க வேண்டியது பாக்கி இருக்கு" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.