பின்கதவுப் பூனைகள்

பதினோரு ரூபாய் எட்டணா. பதுருன்னிசா அக்காவுக்கு நான் தர வேண்டியிருந்தது அவ்வளவு. அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. தன் வீட்டு அடுப்பங்கரைச் சுவரில் எட்டணாவுக்கு ஒன்று என்று கரியால் முப்பது கோடு இழுத்து வைத்திருந்தாள். நான் எட்டணா கொடுக்கும்போதெல்லாம் விரலை எச்சிலில் தொட்டு ஒரு கோட்டை அழிப்பாள். ஏழு அழிந்து இருபத்து மூன்று நின்றது.

என் சம்சாரம் பிலோமி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பாலுக்கும் ஐஸுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன வண்டிக்கும் வாங்கிய பணம் அது. பிலோமி பிழைக்கவில்லை. கடன் பிழைத்துக்கொண்டது.

நான் துறைமுகத்தில் கரிக்கூடை சுமக்கிறவன். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. யுத்தம் வந்த பிறகு எந்தக் கப்பல் எப்போது வரும் என்று மேஸ்திரிக்கே தெரியவில்லை. எட்டணா மிச்சம் பிடிப்பது மலையாகிவிட்டது. அக்கா அதற்காக ஒரு சொல் சொன்னதில்லை. முட்டைக் கூடையோடு என் வாசலைத் தாண்டும்போது "இன்னா சவரி, துன்னியா?" என்று மட்டும் கேட்பாள். பிலோமி போன பிறகு என்னை அப்படிக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ராயபுரமே மூட்டை கட்டியது. எங்கள் சந்தில் ஒன்பது வீடு. மூன்றாம் நம்பரில் இருந்த குமாஸ்தா ராமசுப்பு தன் ஊருக்குப் போனார். ரசூல் பீவி ஆற்காட்டுக்குப் போனாள். பத்து நாளில் எட்டு வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. கடைசியாகக் கிளம்பியவள் அக்கா. வாணியம்பாடியில் அவளுக்குக் கட்டிக் கொடுத்த மகள் இருந்தாள்.

"நீ போவலியா சவரி?"

"எங்கக்கா போறது? போனா மேஸ்திரி பேரை அடிச்சுடுவான். பிலோமி வேற இங்கதானே கீறா." கல்லறையைத்தான் சொன்னேன்.

 அக்கா தன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"அப்ப என் கோழிங்கள உன் வூட்டாண்ட வச்சுப் பாத்துக்கோ. அஞ்சு பொட்டை, ஒரு சேவலு. அதுல ஒண்ணு அடையில குந்திகினு கீது. ரயில்ல மனுசனையே ஏத்த மாட்டேன்றான், கோழிய எங்க ஏத்துவான். நான் வரச்சொல்லோ அஞ்சும் ஒண்ணும் உசுரோட இருந்திச்சுன்னா செவுத்துல கீற கோட்ட அழிச்சுடறேன்."

"எத்தினி கோடு?"

"அல்லாத்தையுந்தான். ஆனா பூனைய அடிக்கக் கூடாது. கல்லு வுடக் கூடாது, மருந்து வைக்கக் கூடாது. பூனையைப் பட்டினி போட்டவளுக்கு நரகம்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு. பூனைய அடிச்சேன்னு தெரிஞ்சா கோழி நூறா பெருகி இருந்தாலும் கோடு அப்படியே நிக்கும்."

"சரிக்கா."

"வர்றேன்" என்று போனாள். திரும்பி வருகிறவர்கள் சொல்கிற சொல்தானே அது.

பூனை விஷயத்தை அவள் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. மனிதர்கள் போய்விட்டார்கள், பூனைகள் போகவில்லை. சந்தில் மொத்தம் ஏழு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பூனை. இப்போது வீடு இல்லை, சோறு இல்லை, மீன் முள் இல்லை. அடுப்பு எரிந்தது என் வீட்டில் மட்டும். ஏழும் என் பின்முற்றத்துச் சுவர்மேல் வந்து வரிசையாக உட்கார்ந்தன. நடுவில் ராமசுப்பு வீட்டுச் செவலைக் கடுவன், பக்கத்தில் ரசூல் பீவி வீட்டு வெள்ளை. பேச ஆள் இல்லாத நாட்களில் செவலையைப் பார்த்து "இன்னா ராமசுப்பு, ஆபீசுக்குப் போவலியா?" என்று கேட்பேன். அது கோழிக்கூண்டைப் பார்க்கும்.

முதலில் தண்ணீர்தான். ஒரு குவளை வீசினால் ஏழும் ஓடின. நாலு நாளில் என் குவளைத் தண்ணீர் எத்தனை அடி தாண்டும் என்று அளந்துவிட்டு, அதற்கு ஒரு முழம் அப்பால் உட்கார ஆரம்பித்தன. நான் வேலைக்குப் போன பிறகு யார் தண்ணீர் வீசுவது? சர்பத்துக் கடையில் எலுமிச்சைத் தோல் கேட்டு வாங்கிவந்து கூண்டைச் சுற்றிப் போட்டேன். அந்த வாடை பூனைக்கு ஆகாது என்றார்கள். தோல் பச்சையாக இருந்தவரை ஆகவில்லை. வெயிலில் இரண்டு நாள் காய்ந்ததும் அதன்மேலேயே படுத்துக்கொண்டன.

ரயில்வே இஞ்சின் கொட்டகையில் சாம்பல் வாருகிற ஹென்றி எங்கள் மாதா கோவிலுக்கு வருகிறவன். அவனிடம் யோசனை கேட்டேன்.

"மொளகாப் பொடியத் தூவு மாமு. அப்பால ஆவடி வரைக்கும் ஓடும்."

"கண்ணு எரியுமே."

"யாருக்கு, உனுக்கா?"

"பூனைக்கு. அடிக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்குது."

"மொளகாப் பொடி அடிக்கறதா?"

"எரியறதும் அடிக்கறதுதான்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஊரே குண்டு வுழப் போவுதுன்னு ஓடிகினு கீது. நீ பூனைக்கு வக்கீல் வேலை பாத்துகினு கீறே." சிரித்துவிட்டு, வேறு ஒரு வழி சொன்னான். இஞ்சின் அடுப்பில் எரிந்து கட்டிதட்டிப்போன கரிச்சிட்டம் அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. பூனைக்கு மெத்தென்ற மண் வேண்டும், நடக்கவும் பறிக்கவும். கரடுமுரடான சிட்டத்தில் கால் வைக்காது, காயமும் படாது.

ஆறு நாள் வேலை முடிந்து வரும்போது கூடை கூடையாகச் சுமந்தேன். பகலெல்லாம் கப்பல் கரி, சாயங்காலம் எரிந்த கரி. சுவரோரம் முற்றத்தில் இரண்டு முழ அகலத்துக்குப் பரப்பினேன். பூனைகள் கால் வைக்கவில்லை. செருப்பு இல்லாத நான்தான் தினம் வைத்தேன். காசிமேட்டில் ஓட்டை விழுந்த பழைய வலை ஒன்று கேட்டு வாங்கி, இறுக்கிக் கட்டாமல் தொளதொளவென்று சுவர்மேல் விரித்தேன். நகம் மாட்டும் என்று பூனைக்குப் பயம். வலையைப் பார்த்ததும் அவை சுவரை விட்டு ராமசுப்பு வீட்டு ஓட்டுக் கூரைக்கு மாறிக்கொண்டன.

அடைகாத்த கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. அதை அக்காவுக்குக் கார்டில் எழுதினேன். நாற்பது வயசுக்கு மேல் கோவில் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் நான். அதுவரை ஒருவருக்கும் கடிதம் போட்டதில்லை, போட ஆளும் இருந்ததில்லை. 'அஞ்சு கோழி, ஒரு சேவல், ஒன்பது குஞ்சு சுகம். சந்தில் யாரும் இல்லை' என்று எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பதில் மருமகன் கையெழுத்தில் வந்தது. 'கோழி சரி. பூனைகள் என்ன செய்கின்றன என்று அத்தை கேட்கிறார்கள்.' எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேலையிலிருந்து வந்தபோது குஞ்சு ஏழுதான் இருந்தது. முருங்கை மரத்தடியில் செவலை. அதன் வாயோரம் மஞ்சள் தூவல் ஒட்டியிருந்தது. வலையும் சிட்டமும் வயிறு நிறைந்த பூனைக்குத்தான் வேலி போலிருக்கிறது. நான் கையில் அகப்பட்ட சிட்டத்தை எடுத்து ஓங்கினேன். அது ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். ராமசுப்புவின் சின்ன மகள் கட்டிவிட்ட சிவப்பு நூல், கழுத்து இளைத்துப்போய்த் தொங்கியது. கை தானாக இறங்கியது என்று சொல்ல மாட்டேன். நான்தான் இறக்கினேன்.

செவலை மெதுவாகச் சுவர் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. எங்கேதான் போகிறது பார்க்கலாம் என்று பின்சந்துக்கு ஓடினேன். மசூதியில் சாயங்காலப் பாங்கு கேட்டது. அக்கா வீட்டுப் பின்கதவுக்கு எதிரே ஏழு பூனையும் உட்கார்ந்திருந்தன. ஒன்றை ஒன்று சீண்டவில்லை, கத்தவில்லை. பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. படியோரம் ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். பல வருஷம் நக்கி நக்கி அதன் அடி வழவழவென்று ஆகியிருந்தது.

தினம் தொழுகைக்கு முன்னால் அக்கா இந்தக் கதவைத் திறந்து இவற்றுக்குப் போட்டிருக்கிறாள். அதனால்தான் அவள் கோழியை ஒரு பூனையும் தொட்டதில்லை. கார்டில் கேட்டதும் அதைத்தான். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் நான் பார்த்ததில்லை. முன்பெல்லாம் அந்த வேளையில் நான் துறைமுகத்தில் இருப்பேன், அல்லது பிலோமி பக்கத்தில் இருப்பேன்.

மறுநாள் முதல் காலணாவுக்கு மீன் தலை வாங்கி, நொய்யோடு வேகவைத்து, அக்கா தந்த சாவியால் பின்கதவைத் திறந்து அவள் வீட்டுப் பின்கட்டில் வைத்தேன். கடற்கரை மணலை இரண்டு கூடை கொண்டுவந்து அங்கே மூலையில் கொட்டினேன், அவை பறிப்பதற்கு. நாலாம் நாளிலிருந்து என் முற்றத்துப் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஏழு குஞ்சும் வளர்ந்தன. சாயங்காலம் அவை சாப்பிட்டு முடிக்கும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன். உடம்பெல்லாம் வலிக்கும். அந்தக் கால்மணி நேரம்தான் நான் யாருக்காகவோ காத்திருந்தது போலவும், அவர் வந்துவிட்டது போலவும் இருக்கும்.

ஒரு தப்புச் செய்தேன். மழை தொடங்கியதும் சட்டி நனையக் கூடாது என்று அடுப்பங்கரைக்குள் நகர்த்தி, கதவைச் சாத்தாமல் விட்டேன். ஒண்டியாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டில் அடுப்பங்கரையைத் தாண்டி நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆள் இல்லாதபோது போவது இன்னும் தப்பு என்று நினைத்தேன். பூனைகளுக்கு அந்த நினைப்பு இல்லை.

புரட்டாசியில் அக்கா மருமகனோடு வந்தாள். முதலில் என் முற்றத்தில் நின்று கோழிகளை எண்ணினாள்.

"அஞ்சு. ஒண்ணு. குஞ்சு ஏழு தானா?"

"ரெண்ட செவலை துன்னுட்சிக்கா. கணக்குல கழிச்சுக்கோ."

"நான் முட்டைதானே வச்சுட்டுப் போனேன். குஞ்சையா எண்ணிக் குடுத்தேன்?"

பிறகு தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து "சவரி, இங்க வா" என்றாள். வாசற்படியிலேயே நின்றேன். "உள்ள வாய்யா, பரவால்ல."

அப்போதுதான் அந்த அறையைப் பார்த்தேன். ரஜாய்ப் போர்வை வைத்திருந்த பெட்டிக்குள் ரசூல் பீவி வீட்டு வெள்ளை நாலு குட்டியோடு படுத்திருந்தது. பாய் கிழிந்து கிடந்தது. சுவர் ஓரமெல்லாம் மஞ்சள் கறை. நாற்றம் தாங்க முடியவில்லை.

"பூனைய உன் வூட்ல இருந்து தொரத்தி என் வூட்ல குடி வச்சிருக்கே."

"உள்ள எட்டிப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்கா."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "அம்மாம் மரியாதையா? வூடே கலீஜாப் பூட்ச்சு."

"இதுங்களுக்கு நீ போட்டுகினு இருந்தேன்னு ஏன்கா சொல்லல?"

"அது ஒரு வேலைன்னே எனக்குத் தோணலியே சவரி."

பிறகுதான் சொன்னாள், இனிமேல் வாணியம்பாடியிலேயே இருக்கப் போவதாக. மகள் விடமாட்டேன் என்கிறாளாம். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். 

"சுண்ணாம்புக்குத் துட்டு நான் தர்றேன். அடிக்கறது நீ. அடுப்பங்கரைச் செவுத்தையும் சேத்து அடிச்சுடு. நான் எச்சி தொட்டு இருபத்து மூணு அழிக்கணும்னா வாய் காஞ்சு பூடும்."

"எட்டணா எட்டணாவா அனுப்பி வைக்கறேன்கா. எனுக்குத்தான் கார்டு எழுத வருமே."

"கோழி கீது. பூனையும் கீது. தீந்துச்சுய்யா" என்றாள்.

மருமகன் கோழிகளைக் கூடையில் போட்டுக் கட்டினான். வண்டி கிளம்பும்போது அக்கா "துன்னியா?" என்று கேட்டாள். துன்னேன் என்றேன். துன்னவில்லை.

மறுநாள் கப்பல் இல்லை. குட்டிகளைப் பெட்டியோடு தூக்கி என் வீட்டில் வைத்தேன். அறையைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தேன். அடுப்பங்கரையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். முதல் பூச்சு காய்ந்ததும் இருபத்து மூன்று கோடும் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தன. இரண்டாம் பூச்சில் அங்கங்கே தெரிந்தன. மூன்றாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது பாங்கு கேட்டது. செவலை வந்து கதவருகே உட்கார்ந்தது, பிறகு மற்றவையும். சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்து, சட்டியைக் கொண்டுபோய் என் வீட்டுப் பின்வாசலில் வைத்தேன். சிட்டத்தைத் தாண்டி வர யோசித்தன. கால் வைக்கிற அளவுக்கு நானே கையால் ஒதுக்கி வழிவிட்டேன்.

பிறகு வந்து மூன்றாம் பூச்சை முடித்தேன். காய்ந்த பின் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோடும் தெரியவில்லை.