காலி டிஸ்க்கில் நடந்த சோதனை

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கட்டுரை வெளியாக வேண்டும். மணி இரண்டு பத்து. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ஒரு கணினிச் செய்தித் தளத்தின் அலுவலகத்தில், ஒரு கையில் மீன் ரொட்டியும் இன்னொரு கையில் மவுஸுமாக உட்கார்ந்திருந்தான் ஃபோல்கர்ட். பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றி, சரிபார்த்து, பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிடும் புது மென்பொருள் ஒன்றை அவன் சோதித்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு முன் யாரும் எழுதக் கூடாது என்பது தயாரித்தவர்கள் போட்ட நிபந்தனை. மூன்று மணி தாண்டி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது தொழில் போட்ட நிபந்தனை. பந்திக்கு முந்துகிறவனுக்குத்தான் இங்கே இலை.

நிரம்பிய டிஸ்க்கில் சோதித்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும். இழுப்பறையில் கிடந்த, ஏறக்குறையக் காலியான டிஸ்க்கில் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. "எங்கள் சோதனையில் ஒரு கோப்புகூடத் தவறவில்லை" என்று எழுதினான். அது பொய் இல்லை. இருந்த நாலு கோப்பும் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. காலிப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பை உறுதியானது என்று சான்றிதழ் கொடுப்பது இந்தத் தொழிலில் அவன் ஒருவனுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை.

பொய் மறுநாள் வந்தது. கட்டுரைக்குக் கீழே லேர் ஊரிலிருந்து ஹப்போ என்பவர் கேட்டிருந்தார்: "நிரம்பி வழியும் பழைய டிஸ்க்கில் சோதித்தீர்களா? என் மனைவிக்கு மிகவும் வேண்டிய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன."

இல்லை என்று எழுதினால் அந்தக் கருத்துப் பெட்டியில் காத்திருக்கும் மேதாவிகள் அவனைப் பிய்த்துத் தின்றுவிடுவார்கள். "சோதித்தோம், தைரியமாகப் பயன்படுத்துங்கள்" என்று பதில் போட்டுவிட்டு, ஃபோல்கர்ட் அடுத்த வேலையைப் பார்த்தான்.

இரண்டு வாரத்தில் புகார்கள் வரத் தொடங்கின. அப்போதுதான் உட்கார்ந்து நிரம்பிய டிஸ்க்கில் சோதித்தான். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் புது டிஸ்க்கில் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமே இல்லை. பழைய டிஸ்க்கோ துடைத்த பளிங்காக இருந்தது.

தளத்தின் ஆசிரியர் ஒன்னோ அலட்டிக்கொள்ளவில்லை. "கட்டுரைக்கு அடியில சின்னதா ஒரு திருத்தம் போட்டுடு. கீழ அந்தாளுக்குப் பதில் சொல்லியிருக்கியே, அதைத் தூக்கிடு."

"அவர் படிச்சிருப்பாரே?"

"படிச்சா என்ன? அவர் என்ன போட்டோ எடுத்தா வெச்சிருக்கப் போறார்? வேலையப் பாருப்பா."

ஃபோல்கர்ட் பதிலை அழித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு பொத்தானே போதுமானதாக இருந்தது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அன்று முழுக்க அவனால் ஒரு வரி உருப்படியாக எழுத முடியவில்லை.

மறுநாள் காலையில் ஹப்போவிடமிருந்தே கடிதம் வந்தது. திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "ஒலிப்பதிவுகள் போய்விட்டன. நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன். அன்று மெனக்கெட்டுப் பதில் சொன்னீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உதவ முடியுமா?" என்று கேட்டிருந்தார் மனிதர். ஃபோல்கர்ட் அடுத்த ரயிலில் லேருக்குக் கிளம்பினான்.

ஹப்போ படகு இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் கையோடு தேநீரும் ஊற்றினார். கோப்பையில் போட்டிருந்த கற்கண்டு தேநீரின் சூட்டில் விரிசல் விட்டுச் சடசடத்தது. எதிரே கழுத்தில் துணி சுற்றியபடி அவர் மனைவி ஹில்கெ உட்கார்ந்திருந்தார். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. கையிலிருந்த மின்பலகையில் அவர் எழுத்துகளைத் தட்டினால், ரயில் நிலைய அறிவிப்பைப் போன்ற ஒரு குரல் அதைப் பேசியது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு வாரம் உக்காந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியம் பேசிப் பதிவு பண்ணினா தம்பி," என்றார் ஹப்போ. "அதை வெச்சு இவ குரல்லயே இந்த மெஷினைப் பேச வைக்கலாமாம். அந்தக் கம்பெனிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, பழைய டிஸ்க் எங்க செத்துடுமோன்னு பயந்து புதுசுக்கு மாத்தினேன். நான் ஒரு மடையன்."

ஃபோல்கர்ட் தனக்குத் தெரிந்த மீட்புக் கருவிகளையெல்லாம் போட்டுப் பார்த்தான். திரையில் பெயர்கள் ஓடின. *0412: ஹப்போ, குப்பையை வெளிய வெச்சியா. 0413: ஜன்னலைச் சாத்து, குளிருது.* எதைத் திறந்தாலும் சத்தமில்லை. அந்த ஊர் வழக்கப்படி, கோப்பைக்குள் கரண்டியைப் போட்டு வைத்தால்தான் தேநீர் போதும் என்று அர்த்தம். அதுகூட அவனுக்கு மறந்துபோக, ஹப்போ நான்காவது முறையாக ஊற்றினார்.

"வராதா?"

"வராது."

"எல்லாம் என் கைதான். எத்தனை தடவ இவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் தெரியுமா? தூக்கமே இல்ல."

இப்படியே எழுந்து போய்விடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஃபோல்கர்ட்டுக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

"உங்க கை இல்லைங்க," என்றான். "நான் நிரம்பின டிஸ்க்ல சோதிக்கவே இல்ல. உங்ககிட்டப் பொய் சொன்னேன். நேத்து அந்தப் பதிலையும் அழிச்சிட்டேன்."

ஹப்போ கெண்டியை மேசையில் வைத்தார். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற டிஸ்க்ல இன்னொரு நகல் எடுத்திருப்பேனே! அதுக்குத்தானேயா உன்னைக் கேட்டேன்!" ஹில்கெ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த கிழவர் தேம்பி அழுதார்.

ஃபோல்கர்ட் அங்கேயே தன் மடிக்கணினியைத் திறந்து, "எங்கள் சோதனையில் தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதத் தொடங்கினான். ஹில்கெ எட்டிப் பார்த்துவிட்டுப் பலகையில் தட்டினார்.

"நேரல. நீங்க செஞ்சீங்க," என்றது இயந்திரம்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினான்: "நிரம்பிய டிஸ்க்கில் நான் சோதிக்கவில்லை. கேட்டவரிடம் சோதித்ததாகப் பொய் சொன்னேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தப் பதிலை அழித்தேன்." ஒன்னோவைக் கேட்காமலே அதைக் கட்டுரையின் தலையில் பெரிய எழுத்தில் போட்டான்.

ஹில்கெ அதைப் படித்தார். பிறகு நெடுநேரம் தட்டினார். இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள்.

"இதனால என் குரல் திரும்பாது. ஆனா நாளைக்கு வேற யாராவது உங்களைக் கேப்பாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. உங்களுக்கு அது ஒரு நாள் வெட்கம், அவ்வளவுதான். தெரியும்னு நீங்க சொல்ற பொய் எங்க தலையிலதான் விடியும்."