மதியத்தில் அடிக்காத மணி

கலைவாணன் செய்த டைமர் இரவில் ஒழுங்காக அடித்தது. பகலில்தான் சதி செய்தது.

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அவன் அம்மா கொளஞ்சியம்மாளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதை நினைவூட்டத்தான் அந்தப் பெட்டி. "செல்லுல அலாரம் வெச்சா போதாதாங்க?" என்று அவன் மனைவி மேகலா அப்போதே கேட்டாள். "அத ஒவ்வொரு தடவையும் வெக்கணும். இது தானா அடிக்கும்" என்றான். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடை வேலை. திருமானூரில் வீட்டுக்குத் திரும்பினால் சால்டரிங் ஐயர்னோடு உட்கார்ந்துவிடுவான்.

மணியை நம்பி மேகலா ஒரு மதியம் கண்ணயர்ந்தாள். மணி அடிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் மாமியாரின் இடுப்பில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

அதன்பிறகு கலைவாணன் ஐ.சி. சிப்பை மாற்றினான், அடாப்டரை மாற்றினான், ஒயரையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தகரக்கூரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஓர் அளவைத் தொட்டால்தான் மணி அடிக்கும். பாதிக்கு மேல் ஏறிய முள் அங்கேயே நின்றது. சந்தேகப்பட்டு, சூடான ஐயர்னைக் கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். முள் இறங்கியது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். வெயில் ஏற ஏறக் கசிவும் கூடியிருக்கிறது.

"மேகலா! புடிச்சிட்டேன்! சூட்டுல லீக் ஆவுது. கெப்பாசிட்டர் இல்லாம நேரம் எண்ணுற வேற சிப் போட்டா சரியாயிரும்."

அவள் ஈரத்துணியோடு வாசற்படியில் நின்றாள். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"சரிங்க. சரியா அடிக்கும். அடிச்சா எந்திரிக்கிறது யாரு?"

அவன் மல்டிமீட்டரைக் கீழே வைத்தான்.

"ராத்திரி அடிக்கிறப்ப நீங்க பொரண்டு படுக்கிறீங்க. நான்தான் எந்திரிக்கிறேன். எனக்கு முடியலைங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சுவரோரமாகப் பாயை விரித்துப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

கலைவாணன் ஐயர்னின் பிளக்கைப் பிடுங்கினான். அம்மாவின் கட்டிலருகே போனான். எங்கே கை கொடுப்பது என்றே தெரியவில்லை. தோளைத் தூக்கினால் இடுப்பு வரவில்லை. இடுப்பைத் தள்ளினால் அம்மா முனகினாள். வேர்த்து ஊற்றியது.

"மேகலா எங்கடா?" குழறலாய்க் கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"தூங்குறாம்மா. நான் பாத்துக்கிறேன்."

"முட்டிய மடக்கு மொதல்ல... அப்பறம் தள்ளு. அவ அப்பிடித்தான் செய்வா."

முழங்காலை மடக்கினான். உடம்பு மெல்லத் திரும்பியது. முதுகுக்குத் தலையணை கொடுத்து, வேட்டி நுனியால் அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஒரு தடவைக்கே அவன் இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து அரியலூர்க் கடையில் புதுச் சிப் வாங்கினான். அது வெயிலிலும் பிசகாமல் அடிக்கிறது. இரவில் அம்மாவைப் புரட்டும் முறை இப்போது அவனுடையது. எடைமேடையில் லாரிகளுக்கு நடுவே அவனுக்குக் கண் சொக்குகிறது.