ஆயிரத்து இருநூறு மைல், மூன்று மணி நேரம்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, கண்ணுங்களா. விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது. எங்கள் அடாக் தீவுக்காரன் ஃபியோஃபன்தான். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு ஆங்கரேஜ் நகரத்துக்குப் போனவன், பத்து மாதமாகத் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டான். நான் கண் வைத்தியம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "ஆங்கரேஜிலிருந்து அடாக் ஆயிரத்து இருநூறு மைல்; மூன்று மணி நேரம்." அடித்துவிட்டேன். எங்கள் தீவில் யாரும் அந்தக் கணக்கை நம்புவதில்லை. வாரத்துக்கு இரண்டே விமானம். கீழே பனிமூட்டம் என்றால் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆறு மணி நேரம் பறந்து, ஏறிய இடத்திலேயே இறங்குவோம்.

2.

"உம் பொண்டாட்டி மார்ஃபா என்னடா சொல்றா?"

"இன்னிக்கு வியாழக்கிழமை விமானத்துல நான் வரலைன்னா, ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குக் கெளம்பிடுவாளாம். அப்புறம் திரும்ப மாட்டாளாம்."

"அப்படி என்ன பண்ணினே?"

"போன மாசம் டிக்கெட் இருந்தும் ஏறலக்கா. பனிமூட்டம், விமானம் திரும்பிடுச்சுன்னு போன்ல சொல்லிட்டேன்."

"சரி."

"அன்னிக்கு அங்க வானம் பளிச்சுனு இருந்திருக்கு. அவ ஏர்போர்ட் வேலியோரமா நின்னு எறங்குன ஆளுங்களை எண்ணிக்கிட்டு இருந்திருக்கா."

"மூதேவி. பொய் சொல்றதுக்கு முன்னால வானிலையைக் கேக்க மாட்டியா?"

(ஏன் ஏறவில்லை? கேட்டேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவன் அயோக்கியனாக இருந்தான். கிழித்துவிட்டேன்.)

3.

இது எழுதப் பிடிக்காத பகுதி. அடாக்கின்மேல் மூன்று வட்டம் அடித்தோம். கீழே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. திரும்புகிறோம் என்று அறிவித்தார்கள்.

"அக்கா, நெசமாவே பனிமூட்டம்," என்றான், யாரோ தன்மேல் பழி போட்டதுபோல.

கீழே மார்ஃபா எஞ்சின் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். அவள் மனதில் அப்போது

(விடுங்கள். மேகத்துக்கு மேலே இருந்த எனக்கு அது எப்படித் தெரியும்?)

ஆங்கரேஜில் இறங்கியதும் அவனுக்காக நானே மார்ஃபாவிடம் போனில் பேசினேன். "நான் கூடவே இருந்தேன் மார்ஃபா. ஏறினான்மா."

"நீங்க கதை சொல்றவங்கக்கா," என்றாள். "அந்தாளுக்காக ஒண்ணு கட்ட மாட்டீங்களா?" வைத்துவிட்டாள்.

4.

ஞாயிற்றுக்கிழமை தெளிந்த வானம். எங்களை இறக்கிவிடும் விமானத்தில்தான் அவள் ஏற வேண்டும். அது தரையில் நிற்பது நாற்பது நிமிடம்.

அவன் எனக்கு முன்னால் படியிறங்கினான், கைத்தடியோடு. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அவன் எல்லோரிடமும் மறைத்ததால் நானும் மறைத்தேன். இடுப்பளவு அலையில் படகு தள்ளியவன் அவன்.

மார்ஃபா பெட்டியோடு நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தடியைப் பார்த்தாள்.

"ஏய்யா, இது எப்பலேர்ந்து?"

"பத்து மாசமா."

"இதுக்கா?"

காலியாக இருந்த கையால் அவள் பெட்டியைத் தூக்கினான். ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் எங்கள் ஊர் வண்டிகள். அவள் எந்தப் பக்கம் நடந்தாலும் பின்னால் போவதற்காக நிற்கிறான்.

அவள் இரண்டு பக்கமும் போவதாக எழுதிப் பார்த்துவிட்டேன். என் கை ஒருபக்கமாகவே சாய்கிறது, அதனால் நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் மார்ஃபாவாக இருந்து சொல்லுங்கள். அவசரமில்லை. இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது.