ரெட்டைச் சுழி

“முடி இருக்கா?”

“இருக்கு.”

“நிறையவா?”

“சலூன் வச்சிருக்கிறவன் சொல்றேன், நம்பு. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு பொறாமைப்படுவாங்க.”

அவள் சிரிக்கவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து அவள் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. பிறந்தது அழவில்லை. துடிப்பு நின்றுவிட்டதை ஸ்கேன் அறையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார்.

வெள்ளைத் துணியில் சுற்றிய மகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் வந்து எடுத்துப் போவார்கள். அதற்குள் மனைவி பார்க்காவிட்டால் இனி எப்போதும் பார்க்க முடியாது.

“ஒரு தடவை திரும்பேன்.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? கையத் தூக்காதடின்னு அம்மா தலையில அடிச்சிக்கிட்டாங்க. நான்தான் ஸ்டூல் மேல ஏறி, வரப்போறவளுக்குன்னு திரைச்சீலை மாட்டினேன்.”

“கையத் தூக்குறதுக்கும் தொப்புள்கொடி கழுத்தச் சுத்துறதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? எத்தனையோ குழந்தைங்க கழுத்துல மாலையாட்டம் போட்டுக்கிட்டுத்தான் வருதாம். ஒண்ணும் ஆகறதில்லையாம்.”

“அப்ப நம்ம வாலுப் பொண்ணுக்கு மட்டும் ஏன்?”

“தெரியலன்னுட்டாங்க.”

கொடி நூல் மாதிரி இருக்கும் என்றுதான் அவன் எண்ணியிருந்தான். பிறந்த நேரம் பார்த்தபோது அது விரல் தடிமனில், நீலமும் வெண்மையுமாய், பழைய தொலைபேசி வயர்போல முறுக்கிக்கொண்டு, உள்ளே விளக்கு எரிவதுபோல் மினுங்கியது. நர்ஸ் அதைக் கழுத்திலிருந்து மெதுவாகக் கழற்றியபோது அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வழியாகத்தான் இவள் சாப்பிட்டாள், வளர்ந்தாள், ராத்திரியெல்லாம் உதைத்துத் தூக்கத்தைக் கெடுத்தாள். வெட்டுகிறீர்களா என்று நர்ஸ் கத்தரியை நீட்டினாள். தினமும் கத்தரி பிடிக்கிற கை. ஆனாலும் கொடி அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை.

அவன் குனிந்து, துணியை விலக்கி, உச்சந்தலையைப் பார்த்தான்.

“ஏய்... ரெட்டைச் சுழி.”



“சும்மா சொல்றீங்க.”

“சத்தியமா. உன்னோடது மாதிரியே ரெண்டும் எதிரெதிரா சுத்துது. முதல் தடவை கடைக்கு வந்தப்ப உன் வகிட்டோட நான் பட்ட பாடு மறந்துபோச்சா?”

“கோணல் வகிட்டோட அனுப்பினீங்க. காசு மட்டும் முழுசா வாங்கிட்டீங்க.”

“அதான் கட்டிக்கிட்டேன். ஆயுசுக்குள்ள ஒரு நாளாவது நேராக்கிடணும்னு.”

கட்டில் கிறீச்சிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பினாள். முதலில் துணியை மட்டும் பார்த்தாள். பிறகு, அதிலிருந்து நழுவி வெளியே வந்திருந்த கையை. அரிசிமணியைவிடச் சிறிய, முழுமையான நகங்களை. கடைசியாகத் தலையை.

அவன் எழுந்து குழந்தையை அவள் அருகில் கிடத்தினான். அவள் வாய் லேசாகத் திறந்தது. உலராத ஓவியத்தின் மேல் நகர்வதுபோல, தொடாமல், அவள் விரல் ஒரு சுழியைச் சுற்றி வந்து மற்றதற்குப் போனது.

“எங்கேருந்து கத்துக்கிட்டா இதை,” என்றாள்.

நடைவழியில் ஒரு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் நெருங்கி வந்து கதவுக்கு வெளியே நின்றது. அவள் நிமிர்ந்து, அவன் சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் சீப்பைப் பார்த்தாள்.

“வகிடு எடுத்து விடுங்களேன். கோணலாப் போனாலும் பரவாயில்ல.”