உள் அடைப்புக்கு வீட்டுக்காரனே பொறுப்பு

என் நண்பன் யுகேந்திரனுக்கு மைக்கைக் கண்டால் மூச்சடைக்கும். மைக்குக்கு ஒன்றும் ஆகாது. கல்லூரியின் கடைசி பிரசண்டேஷனுக்கு இரண்டு முறை மேடைவரை போய்த் திரும்பிவிட்டான். மூன்றாவது முறையும் திரும்பினால் பட்டம் கிடையாது என்று விரிவுரையாளர் அறிவித்தார். அதையும் மைக்கில்தான் அறிவித்தார்.

மலாக்கா டவுனில் தனியார் மனநல ஆலோசகர் ஒருவர் இருந்தார். அவருடைய கட்டணத்தைக் கேட்டபோது யுகேந்திரனுக்கு மைக் இல்லாமலேயே மூச்சடைத்தது. ஆகவே என் அத்தை விஜயராணியிடம் விசாரித்தேன்.

“அத்தே, காசு வாங்காத கவுன்சிலர் யாராச்சும் இருக்காங்களா?”

“நம்ம மெர்லிமாவ் மாயாண்டி இருக்காரே. யாரு போனாலும் உக்கார வச்சி கேப்பாரு. பத்து காசு வாங்க மாட்டாரு லா.”

அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். “யாராச்சும் பாத்துட்டா?” என்று பின்னாலிருந்த ஹெல்மெட் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தது.

மாயாண்டி வீட்டு போர்ச்சில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது.

“உக்காருங்க தம்பி. என்னா பிரச்சன?”

மனசுவிட்டுப் பேச வேண்டும் என்று யுகேந்திரனுக்கு முன்பே பாடம் எடுத்திருந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அடைச்சிக்குது அண்ணே.”

“ரொம்ப நாளாவா?”

“ஸ்கூல்லேர்ந்தே.”

“அட பாவமே. யாருகிட்டயும் சொல்லலியா?”

“வெக்கமா இருந்திச்சி.”

“இதுல என்னா வெக்கம்? ஊர்ல பாதி பேருக்கு அடைப்புதான். எங்க, வெளியவா உள்ளயா?”

“உள்ள அண்ணே.”

மாயாண்டி பெருமூச்சு விட்டார். “உள்ள அடைப்புன்னா வீட்டுக்காரன்தான் பொறுப்பு தம்பி. யாரும் வந்து எடுக்க மாட்டாங்க. நீதான் எறங்கணும்.”

நான் அசந்துபோனேன். இதையே முந்நூறு பக்கத்துக்கு எழுதி மனோதத்துவம் என்று விற்கிறார்கள். யுகேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“மத்தவங்களுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம் அண்ணே.”

“நாத்தம் வந்தா தெரியாமலா போவும்?”

யுகேந்திரன் சட்டையை முகர்ந்து பார்த்தான்.

“சரி, ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்ல போடு. லோங்காங் வீட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

சாக்கடையைத்தான் கேட்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாயாண்டிக்குப் பின்னால் சுவரில் சான்றிதழ் ஒன்று தொங்கியது: நகராண்மைக் கழக உறுப்பினர். தமிழில் அவரும் கவுன்சிலர்தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். யுகேந்திரன் எழுந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். முகத்தை மறைக்க அருகில் வேறெதுவும் கிடைக்கவில்லை.

மாயாண்டி சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து அவர் மனைவி சாந்தி சிரித்தார்.

“அந்த கவுன்சிலரையும் இவருக்கு நல்லா தெரியும் தம்பி. மாசா மாசம் போறாருல்ல.”

“சாந்தி,” என்றார் மாயாண்டி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “போன் அடிச்சாலே பாத்ரூமுக்குள்ள போயி பூட்டிக்குவேன் தம்பி. ஒரே புகாரு. தெருவெளக்கு, குப்பை, நாயி. கவர்மென்ட் கிளினிக்ல கேட்டேன். டாக்டரு எழுதிக் குடுத்தாரு, இந்திராதேவின்னு தமிழ் பேசற கவுன்சிலர் அம்மாதான் பாக்கறாங்க. பதியறதுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, அவ்வளவுதான். ஹெல்மெட்ட கழட்டு. நானே வர்றேன்.”

யுகேந்திரனும் டாக்டரைப் பார்த்து, தேதி வாங்கினான். அந்த நாளில் ஆலோசனை அறை வாசல்வரை வந்து திரும்பினான். திரும்புவதில் அவனுக்கு நல்ல பயிற்சி இருந்தது. அப்போது கதவைத் திறந்துகொண்டு மாயாண்டி வெளியே வந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் தேதி.

“உள்ள ஒண்ணும் அடைப்பு இல்ல,” என்றார். “போ.”

போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவனும் சிரித்தான்.

சில வாரம் தொடர்ந்து போனான். அதற்குள் நகராண்மைக் கழக ஆட்கள் வந்து அவன் வீட்டு வாசல் லோங்காங்கைச் சுத்தம் செய்தார்கள். அதுவும் அடைத்துத்தான் இருந்ததாம்.

பிரசண்டேஷன் அன்று யுகேந்திரன் மேடை ஏறினான். மைக்கைப் பார்த்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மைக்க பாத்தா அடைச்சிக்கும். அத தொறக்க ரெண்டு கவுன்சிலர் வேண்டியிருந்திச்சி.”

அரங்கம் சிரித்தது. அவன் மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினான். நேரம் முடிந்து மணி அடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள். கடைசியில் விரிவுரையாளரே மேடையேறி மைக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று.